காங்கேசன்துறை சொன்ன பதில்

வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் காங்கேசன்துறையைத் தாண்டாமல் வட்டுக்கோட்டைக்கு வழியில்லை.

1972 ஒக்டோபரில் தந்தை செல்வா தமது காங்கேசன்துறை உறுப்பினர் பதவியைத் தூக்கியெறிந்தார். புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று என் தொகுதியிலேயே கேட்டுப் பாருங்கள், தோற்றால் என் கொள்கையைக் கைவிடுகிறேன் என்று அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். சிறிமாவோ அரசாங்கம் இடைத்தேர்தலை வைக்காமல் இழுத்தடித்தது. இரண்டு ஆண்டு நான்கு மாதம் காங்கேசன்துறை மக்களுக்காகத் தேசிய அரசுப் பேரவையில் எழுந்து நிற்க ஆளில்லை. இதை நான் கோழைத்தனம் என்றே சொல்வேன்.

சவால் விட்டவர் யார்? மேடை முழக்கமே அரசியலாக இருந்த காலத்தில் குரலே எழாத மனிதர். காது மந்தம். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் வேறு. ஈப்போவில் பிறந்த கிறிஸ்தவர். மாவிட்டபுரம் கந்தனும் கீரிமலை நகுலேஸ்வரரும் குடியிருக்கும் சைவ மண் அவரைத்தான் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. தம் தொகுதியில் ஒரு வாக்குக்கூட இல்லாத மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைக்காக ஜி.ஜி. பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்தவர் அவர். 1952 இல் சேர் பொன். இராமநாதனின் மருமகன் சு. நடேசனிடம் தோற்றார். அப்போதும் பேச்சை மாற்றவில்லை. 1956 இல் அதே தொகுதி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

கடைசியில் 1975 பெப்ரவரி 6 அன்று வாக்கெடுப்பு நடந்தது. எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அரசாங்கத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டு மக்களிடம் போக வேண்டியிருந்தது அவருக்கு. 1970 இலும் இதே இருவர்தான் மோதினார்கள். அன்று செல்வாவுக்கு 13,520, பொன்னம்பலத்துக்கு 8,164. இப்போது 25,927க்கு 9,457. செல்வாவின் வாக்கு ஏறத்தாழ இரட்டிப்பு!

இது சுதந்திரத் தமிழீழத்துக்கான ஆணை என்று வென்ற கையோடு செல்வா அறிவித்தார். கொழும்பு அப்போதாவது அவரை அழைத்துப் பேசித் தீர்வு கண்டிருக்க வேண்டும். காணவில்லை. பதினைந்து மாதம் கழித்து, 1976 மே 14 அன்று தமிழர் தலைவர்கள் வட்டுக்கோட்டையில் கூடினார்கள்.

அதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்குள் வாசகர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தனிநாட்டுக் கோரிக்கைக்குக் கிடைத்த முதல் ஆணை காங்கேசன்துறையின் வாக்குப் பெட்டியிலிருந்து வந்தது.