‘தி கிளாமரஸ் லைஃப்’: கொட்டுக்காரரின் மகள் தந்த இசைத்தட்டு

‘தி கிளாமரஸ் லைஃப்’ என்பது அமெரிக்கப் பாடகியும் தாளவாத்தியக் கலைஞருமான ஷீலா ஈ-யின் முதலாவது தனி இசைத்தட்டு. 1984 ஜூன் மாதம் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பங்க், பொப், லத்தீன் தாளம் ஆகியவை கலந்த ஆறு பாடல்கள் இதில் உள்ளன.

கறுப்பு ஜூலை நடந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. பதுளையில் கடைகளைத் தீக்குக் கொடுத்தவர்களும், மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டியவர்களும் இதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் நமுனுகுல தோட்டமொன்றில் தப்புச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு, இந்த இசைத்தட்டில் நமக்கும் ஒரு செய்தி இருப்பதாகவே படுகிறது.

யார் இவர்?

ஷீலா எஸ்கொவீடோ 1957 டிசம்பர் 12 அன்று கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரில் பிறந்தவர். தந்தை பீட் எஸ்கொவீடோ பெயர்பெற்ற தாளக் கலைஞர். சிற்றப்பன்மாரும் இசைக்காரர்களே. லத்தீன் இசையின் பெரும் கலைஞர் டிட்டோ புவெண்டே இவரது ஞானத்தந்தை. வீட்டில் தந்தை வாசிப்பதைப் பார்த்தே கை பழகியவர், பதினைந்து வயதில் தந்தையின் குழுவோடு மேடையேறினார். பின்னர் ஜோர்ஜ் டியூக் போன்றவர்களின் குழுக்களில் வாசித்தார். தனி இசைத்தட்டு வெளிவந்தபோது வயது 26.

இசைத்தட்டு

பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் பிரின்ஸ். ஆனால் தட்டின் உறையில் அவர் தன் பெயரை முன்னிறுத்தவில்லை. தலைப்புப் பாடல் ஒன்பது நிமிடம் ஓடுகிறது. சொகுசையும் பணத்தையும் தேடும் ஒரு பெண், அன்பில்லாவிட்டால் அதெல்லாம் பெரிதல்ல என்று உணர்வதே அதன் பொருள். செலோவும் சாக்ஸபோனும் வந்து போகின்றன. ஆனாலும் பாட்டைத் தூக்கி நிறுத்துவது ஷீலாவின் டிம்பாலஸ் வாசிப்புத்தான். அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் இப்பாடல் ஏழாம் இடம் வரை ஏறியது. நடனப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு பிரின்ஸின் ‘பர்ப்பிள் ரெய்ன்’ சுற்றுப்பயணத்தில் முதல் நிகழ்ச்சி இவருடையதாக இருந்தது.

டிம்பாலஸும் தப்பும்

டிம்பாலஸ் என்பது உலோக உடலும் ஒற்றை முகமும் கொண்ட இரண்டு கொட்டுகளின் சோடி. கியூபாவில் வளர்ந்த வாத்தியம். இரண்டு குச்சிகளால் முகத்தில் மட்டுமல்ல, விளிம்பிலும் பக்கத்திலும் அடிப்பார்கள். நம் தப்புக்கும் ஒற்றை முகம், இரண்டு குச்சி. நெருப்பில் வாட்டித் தோலை இறுக்கிய பிறகுதான் அது பேசும்.

பங்க் இசையின் வேர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடம் இருக்கிறது. 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், 1740-இல் வந்த சட்டம் அவர்கள் கொட்டு வைத்திருப்பதைத் தடை செய்தது. கொட்டு ஆட்களைக் கூட்டிவிடும் என்ற பயம். நம் தோட்டங்களில் கதை வேறு: விடியுமுன் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பினார்கள். அங்கே பறித்தார்கள், இங்கே வேலை வாங்கப் பயன்படுத்தினார்கள். இருந்தும் காமன் கூத்திலும் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்பு நம்முடையதாகவே இருந்தது.

நம்முடையது என்று சொன்னாலும், அடிப்பவரை நாம் எங்கே நிற்க வைத்தோம்? அந்தக் கலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். பெண் பிள்ளை குச்சியைத் தொட்டால் அதட்டினோம். ஷீலாவின் தந்தை தன் மகளைக் கூட்டத்தின் முன் நிறுத்தினார். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். நம்மாலும் முடியாதது அல்ல.

காயமும் கொட்டும்

2014-இல் வந்த தன்வரலாற்று நூலில், ஐந்து வயதில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை ஷீலா வெளிப்படையாக எழுதினார். தன்னைத் தேற்றியது இசை என்றார். பாடகி லின் மேப்ரியுடன் சேர்ந்து, வன்முறைக்கு ஆளான பிள்ளைகளுக்கு இசையின் வழியாக உதவும் அறக்கட்டளை ஒன்றையும் தொடங்கினார்.

போரையும் இடப்பெயர்வையும் கண்ட நம் பிள்ளைகள் பலருக்குச் சொல்ல வாயில்லை. கொட்டு மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை; மருத்துவரின் உதவி தேவைப்படுவோருக்கு அது கிடைத்தாக வேண்டும். ஆனால் பத்துப் பிள்ளைகள் வட்டமாக நின்று ஒரே தாளத்தை அடிக்கும்போது, யாரும் எதையும் விளக்கிச் சொல்லாமலே ஒருவரோடொருவர் சேர்ந்திருக்க முடிகிறது. அதற்குப் பெரிய செலவில்லை. தப்படிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, நாற்காலி போட்டு, ஆசிரியர் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்கலாம்.