உரிமத் தகடும் தடைப்பட்டியலும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய்க்கான சட்டங்களின் வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாயைப் பற்றிய அச்சம் நோயிலிருந்து தொடங்கியது. இனம் பற்றிய பேச்சு நூறாண்டுக்கு மேல் கழித்தே எழுந்தது. கடித்த நாய் எந்த வகை என்று அக்காலத்தில் யாரும் விசாரிக்கவில்லை. அதற்கு வெறி பிடித்திருந்ததா என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் 1884-இல் வெறிநாய்க்கடி தலைகாட்டியபோது உலகில் எங்குமே அதற்கு மருந்து கிடையாது. லூயி பாஸ்டர் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட்டது 1885-இல். தென்னிந்தியாவில் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது 1907-இல். கடிபட்டவரைக் காப்பாற்ற வழியில்லாத ஊரில் நாயைக் கட்டுப்படுத்துவதைத் தவிர அரசுக்கு வேறு வழி தெரியவில்லை.

சிலாங்கூரின் தலைநகர் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் சந்தையூராக இருந்த இடம் பத்தே ஆண்டுகளில் நகராக வளர, 1890-இல் அதற்கென ஒரு சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. குப்பை, சாக்கடை, இறைச்சிக்கூடம் போன்றவற்றோடு நாய்களும் இவ்வகை வாரியங்களின் பொறுப்பாயின. முறை எளிது. வளர்க்கும் நாய்க்கு ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். கழுத்தில் உலோகத் தகடு தொங்க வேண்டும். தகடில்லாத நாய் உரிமையாளர் இல்லாத நாய். அதைப் பிடிக்கலாம், கொல்லலாம். தகடு என்பது வரி கட்டிய அடையாளம் மட்டுமன்று, உயிர்ப் பாதுகாப்புச் சீட்டும்கூட. வாரியம் நகராண்மைக் கழகமாகி, பிறகு மாநகர் மன்றமாகியும் இந்த அடிப்படை மாறவில்லை.

நாய் வளர்த்தவர்கள் யார் என்பது இங்கே ஆளுக்கு ஆள், தெருவுக்குத் தெரு மாறியது. மலாய்க்கார முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயின் ஈரம் கடும் அசுத்தம். பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஆகவே நாய் பெரும்பாலும் சீனர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலும்தான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் தமிழக, யாழ்ப்பாணக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. கிள்ளானைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் நாய்கள் காட்டுப்பன்றியை விரட்டின, இரவில் குரைத்தன. பைரவரின் வாகனம் என்பதால் நாய்க்கு ஒரு மரியாதையும் இருந்தது. அவை கயிற்றில் கட்டப்பட்ட நாய்கள் அல்ல; லயத்துக்கே பொதுவான நாய்கள். தகடு கேட்கும் சட்டத்தின் கண்ணில் அவற்றில் பெரும்பாலானவை தெருநாய்களே.

இந்த அமைப்பின் பெருஞ்சோதனை 1952-இல் வந்தது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் நான்காவது ஆண்டை எட்டியிருந்தது. காட்டோரத்தில் வாழ்ந்த லட்சக்கணக்கானோர் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி பெருமளவில் பரவியது. தெருநாயைச் சுட்டுக்கொல்வது மட்டும் பயன் தராது என்று கால்நடை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். உரிமம் உள்ள நாய் ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது.

பயன்படுத்தியது ஃப்ளூரி என்ற புதுத் தடுப்பூசி. 1939-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெறிநோயால் இறந்த ஒரு சிறுமியின் குடும்பப் பெயர் அது. அவளிடமிருந்து எடுத்துக் கோழிக்குஞ்சுகளில் வளர்த்திருந்த வைரஸைக் கோழிக்கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்தவர்கள் ஹிலரி கொப்ரோவ்ஸ்கியும் ஹெரால்ட் காக்ஸும். நாய்க்கு இது ஒரே ஊசி. ஒரு நகரத்தின் நாய்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ஊசி போடுவது அதனால் எளிதாயிற்று. மலாயாவின் கட்டாயத் தடுப்பூசித் திட்டத்தைப் பற்றி சி. டபிள்யூ. வெல்ஸ் எழுதிய கட்டுரை 1954-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியானது. தீபகற்பத்தில் நோய் ஓரிரு ஆண்டுகளில் அடங்கியது. 1955-இலிருந்து தாய்லாந்து எல்லையோரம் சுமார் 80 கிலோமீட்டர் அகலத்துக்குத் தடுப்பூசி வளையம் ஒன்று பேணப்பட்டது. கோலாலம்பூர்வாசிக்கு வெறிநாய்க்கடி என்பது எல்லைப்புறத்து விஷயமாகிவிட்டது.

நாய் பயங்கரமானது என்ற எண்ணம் நோயோடு விலகிய இடத்தில், நாய் பாதுகாப்புத் தரும் என்ற எண்ணம் ஏறிக்கொண்டது. அதற்கும் அவசரகாலத்தின் பங்கு உண்டு. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடிக் காட்டுக்குள் போன படையினருடன் மோப்ப நாய்களும் போயின. அவற்றுள் லக்கி என்ற அல்சேஷன் நாய்க்கு, 1949 முதல் 1952 வரை மலாயாவில் செய்த பணிக்காக, போரில் சேவை செய்த விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் 2007-இல் வழங்கப்பட்டது. அல்சேஷன் என்ற பெயரே காவலுக்கு மறுபெயரானது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது அப்படியே நீடித்தது. 1925-இல் தொடங்கிய மலாயா நாய் வளர்ப்போர் சங்கம் வம்சாவளிப் பதிவையும் கண்காட்சிகளையும் நடத்தி வந்தது. வம்சாவளி நாய் முதலில் பங்களாக்காரர்களின் பெருமை. 1970-களுக்குப் பிறகு பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, கிள்ளான் பகுதிகளில் தோட்டங்களும் ஈயக் குட்டைகளும் வரிசை வீடுகளாக மாறியபோது அது நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கு வந்தது. வழிப்பறியும் வீடு புகுந்து கொள்ளையும் அடிக்கடி செய்தியான புறநகர்களில் டாபர்மேனும் ராட்வீலரும் பூட்டுக்கு மேல் பூட்டு. பிட்புல் வந்தது இந்த வரிசையின் கடைசியில். சில அடி அகல முன்முற்றத்தில், இரும்புக் கதவுக்குப் பின்னால், நாள் முழுதும் கட்டிக்கிடக்கும் பெரிய நாய்! பிற்காலத்தில் எழுந்த சிக்கலில் பாதி இந்த வீட்டு வடிவத்திலேயே இருந்தது.

2000-களில் பொதுவிவாதம் இன்னும் தெருநாயைச் சுற்றியே இருந்தது. செலாயாங் நகராண்மைக் கழகம் 2007-இல் தெருநாய் பிடிப்பதற்குப் பரிசு வைத்து ஒரு போட்டியை அறிவித்தது. விலங்கு நலக் குழுக்களின் எதிர்ப்பு நாட்டைத் தாண்டியும் கேட்கவே, திட்டம் கைவிடப்பட்டது. அதைவிடக் கசப்பானது கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கெத்தாம் தீவில் நடந்தது. மரத்தூண்களின் மேல் கட்டிய வீடுகளும் பலகைப் பாதைகளும் கொண்ட சீன மீனவர் கிராமம் அது. கார் கிடையாது, சைக்கிள்தான். பெருகிப்போன நாய்கள் குழந்தைகளைக் கடிக்கின்றன, பாதைகளை அசுத்தம் செய்கின்றன என்று கிராமத்தார் 2009-இல் 300-க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, அருகில் ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டுவிட்டார்கள். கொல்வதைவிட இது மேல் என்பது அவர்கள் கணக்கு. குடிநீரும் இரையும் இல்லாத அந்தச் சேற்றில் நாய்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கியதைப் படகில் போன மீட்புக்குழுவினர் கண்டார்கள். மீட்கப்பட்டவை சிலவே. கிராமத்தாரைக் கொடியவர்கள் என்று பழிப்பது எளிது; ஆனால் கருத்தடையோ காப்பகமோ எட்டாத ஒரு தீவில் பிடிப்பதா விடுவதா என்ற இரண்டே வழிகள்தாம் அவர்கள் முன் இருந்தன.

விவாதம் தெருவிலிருந்து வீட்டு வாசலுக்குத் திரும்பியது 2012-இல். சுபாங் ஜெயாவில் காலை உடற்பயிற்சிக்குப் போன 74 வயது முதியவர் ஒருவரை, ஒரு வீட்டிலிருந்து வெளியேறிய பிட்புல் வகை நாய் கடித்துக் கொன்றது. அது தெருநாய் அன்று. உரிமையாளர் உள்ள நாய். நூறாண்டாக நாட்டில் இருந்த பிடிப்பது, சுடுவது, தகடு மாட்டுவது என்ற வழிமுறைகளுக்கு இதில் வேலையில்லை. செய்தித்தாள்களில் ‘தடை செய்’ என்ற குரல் எழுந்தது. ஊராட்சி மன்றங்கள் கால்நடை சேவைத் துறையின் நாய் இறக்குமதிப் பட்டியலை எடுத்து வைத்தன.

அந்தப் பட்டியல் இரு பிரிவு கொண்டது. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், அமெரிக்கன் புல்டாக், ஜப்பானிய தோசா, அகிதா, நியாபொலிட்டன் மாஸ்டிஃப், டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலைரோ போன்றவை நாட்டுக்குள் வரவே கூடாதவை. ராட்வீலர், டாபர்மேன், புல் டெரியர், புல்மாஸ்டிஃப், அல்சேஷன் போன்றவை நிபந்தனைகளோடு அனுமதிக்கப்படுபவை. இவற்றில் எதுவும் மலாயா மண்ணில் உருவானதன்று. தோசா ஷிக்கோக்குத் தீவின் நாய்ச்சண்டைக்கு வளர்த்தது. டோகோ அர்ஜென்டினோவின் மூதாதை கோர்டோபா நகரின் சண்டை நாய். ஃபிலா பிரேசில் பண்ணைகளில் ஆளைத் துரத்தியது. டாபர்மேனை உருவாக்கியவர் ஜெர்மனியின் அபோல்டா நகரில் வரி வசூலித்தவர். காட்டில் வீரனாகப் பதக்கம் பெற்ற அல்சேஷனும் இப்போது கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதை ஒரு முரண் என்றே சொல்ல வேண்டும்.

பிரிட்டன் 1991-இல் கொண்டுவந்த ஆபத்தான நாய்கள் சட்டத்தின் முதல் நான்கு பெயர்களும் (பிட்புல், தோசா, டோகோ, ஃபிலா) மலேசியப் பட்டியலில் உண்டு. இறக்குமதித் தடை விமான நிலையத்திலும் துறைமுகத்திலும்தான் செல்லும். உள்ளூரில் குட்டி போடும் நாயை அது தொடாது. சுபாங் ஜெயா சம்பவத்துக்குப் பிறகு மன்றங்களின் கைக்கு வந்தது உரிமம் என்ற அந்தப் பழைய கருவிதான்: பட்டியலிலுள்ள இனத்துக்கு உரிமம் மறுப்பது, மற்றவற்றுக்கு வாய்க்கூடும் கழுத்துவாரும் வேலியும் கேட்பது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனித் துணைவிதி வைத்துக்கொள்ளலாம் என்பதால், தெரு ஒன்றின் இருபுறமும் வெவ்வேறு விதிகள் செல்லும் நிலைமையும் வரக்கூடும்.

இதில் உள்ள நடைமுறைச் சிக்கல் இனத்தை எப்படி அடையாளம் காண்பது என்பது. அமெரிக்காவில் ஒரு சங்கம் 1898-இல் ஒரு நாய் வகையைப் பிட்புல் என்று பதிவு செய்தது. வேறொரு சங்கம் 1936-இல் அதே வகையை ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர் என்று பதிவு செய்து, 1972-இல் ‘அமெரிக்கன்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தது. ஒரே நாய் இரு பெயரில். கலப்பினம் என்றால் சொல்லவே வேண்டாம்; கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அமலாக்க அதிகாரியின் கருத்தே இறுதி. உரிமம் எடுக்காமல் வளர்ப்பவரிடம் எந்தத் தடையும் செல்லாது என்பது அதைவிடப் பெரிய ஓட்டை. உரிமம் கேட்டு வருபவர் ஏற்கெனவே விதிக்குக் கட்டுப்பட்டவர்தான்.

சட்டநூல்களில் இதற்கு மாறான ஒரு மரபும் உண்டு. மலேசியாவின் தண்டனைச் சட்டம் மெக்காலேயின் இந்தியச் சட்டத்தைத் தழுவியது. அதன் 289-ஆம் பிரிவு, தம்மிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு நேரக்கூடிய அபாயத்தைத் தடுக்கத் தேவையானதைச் செய்யாமல் அலட்சியமாக இருப்பவரைத் தண்டிக்கிறது. சிறை ஆறு மாதம் வரை. இனத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இழப்பீட்டு வழக்குகளில் 1956-ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தின் வழியே வந்த ஆங்கிலப் பொதுச் சட்டமும் அப்படியே: இந்த நாய் முன்பே கடிக்கும் குணம் காட்டியதா, உரிமையாளருக்கு அது தெரியுமா என்று அது பார்க்கும். இந்த மரபு ஒவ்வொரு நாயையும் அதன் நடத்தையால் எடைபோடுகிறது. பட்டியல் பிறப்பால் எடைபோடுகிறது. முதல் கடிக்கு முன் எதுவும் செய்ய முடியாதது முன்னதன் பலவீனம். குற்றமில்லாத நாயையும் தண்டிப்பது பின்னதன் பலவீனம்.

இதே இழுபறி இந்தியாவிலும் 2024-இல் காணப்பட்டது. மத்திய அரசு மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் ரத்து செய்தன. மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியதும் பேச்சு மறுபடி தொடங்கியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய் விவாதத்தோடு மதமும் சேர்ந்தே வருகிறது. 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் நாயைத் தொட்டுப் பார்க்க முஸ்லிம்களுக்காக நடத்திய ஒரு நிகழ்ச்சிக்கு எதிராகக் கடும் கண்டனம் எழுந்தது, ஏற்பாட்டாளர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். நோயும் திரும்பி வந்தது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி மறுபடி தோன்றியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல அரசு எடுத்த முடிவுக்கு எதிராகப் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 2017-இல் சரவாக் மாநிலத்தில் நோய் பரவி உயிர்களைப் பறித்தது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் வைத்தது. நாய்ச்சண்டை நடத்துவதும் அதன்படி குற்றம். ஆனால் எந்த நாயை எந்த வீட்டில் வளர்க்கலாம் என்பதை அது தொடவில்லை. அந்த முடிவு இன்றும் கோலாலம்பூர் மாநகர் மன்றம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் மன்றங்களின் உரிமப் படிவத்திலேயே இருக்கிறது.