சலுகையிலிருந்து கட்டாயத்துக்கு: இந்தியாவில் தடையற்ற கட்டடச் சட்டங்களின் வளர்ச்சி (1995–2025)

பொதுக் கட்டடங்களும் போக்குவரத்தும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைய வேண்டும் என்பதை நாடு முழுமைக்குமான விரிவான சட்டமாக இந்தியா இயற்றியது 1995இல்தான். அதற்கான உந்துதலும் வெளியிலிருந்தே வந்தது. 1992 டிசம்பரில் பெய்ஜிங்கில் கூடிய ஆசிய-பசிபிக் நாடுகள், 1993 முதல் 2002 வரையிலான காலத்தை மாற்றுத்திறனாளிகளுக்கான பத்தாண்டாக அறிவித்து, அவர்களின் முழுப் பங்கேற்பையும் சமத்துவத்தையும் வலியுறுத்தும் பிரகடனத்தை வெளியிட்டன. இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. அந்த வாக்குறுதியை நிறைவேற்றவே சட்டம் இயற்றப்படுவதாக அதன் முகப்புரையே கூறியது. 1996 பிப்ரவரி 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் 44 முதல் 46 வரையிலான பிரிவுகளை இன்று படித்தாலும் குறை சொல்லத் தோன்றாது. பொதுக் கட்டடங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, மின்தூக்கியில் பிரெய்ல் குறியீடும் ஒலி அறிவிப்பும், ரயில் பெட்டியிலும் பேருந்திலும் மாற்றங்கள் என்று தேவையானவை பெரும்பாலும் அவற்றில் இருந்தன. ஆனால் அனைத்தும் அரசின், நிறுவனங்களின் பொருளாதார ஆற்றலுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டவை என்ற நிபந்தனையும் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நிதி இல்லை என்று ஓர் அதிகாரி கோப்பில் எழுதிவிட்டால் கடமை அத்துடன் முடிந்துவிடும். காலக்கெடுவும் இல்லை, மீறியவருக்குத் தண்டனையும் இல்லை. அடுத்த முப்பதாண்டு வரலாற்றை, இந்த நிபந்தனையை அகற்ற நடந்த முயற்சிகளின் வரலாறாகவும், அது வேறு வேறு வழிகளில் திரும்ப உள்ளே வந்த வரலாறாகவும் படிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1998இல் மத்தியப் பொதுப்பணித் துறை தடையற்ற கட்டடங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சாய்தளத்தின் சரிவு 1:12க்கு மேல் போகக்கூடாது என்பது இத்தகைய நெறிகளில் அடிப்படையானது. இந்த விகிதத்தின் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள நான்கு படிகள் என்றால் மொத்த உயரம் 60 செ.மீ.; அதற்குச் சாய்தளத்தின் நீளம் 7.2 மீட்டர், ஏறத்தாழ 24 அடி. நம் அலுவலக வாசல்களில் படிக்கட்டுக்குப் பக்கத்தில், படி அடைத்த அதே நீளத்துக்குள் சிமெண்டைச் சரித்துப் பூசி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இருசக்கர வண்டியை ஏற்ற அது உதவும். சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தனியாக ஏற முடியாது, இறங்கினால் கவிழ்வார். ஆய்வுப் படிவத்தில் மட்டும் ‘சாய்தளம் உண்டு’ என்று பதிவாகிவிடும். இடத்தைப் பற்றிய இந்தக் கேள்வியை வரைபடம் போடும் கட்டத்திலேயே கேட்காவிட்டால் பின்னால் எவ்வளவு பணம் செலவழித்தாலும் சரியாகாது.

சட்டம் அசையாதிருந்த அந்த ஆண்டுகளில் அதை அசைத்தவர்கள் மாற்றுத்திறனாளி இயக்கத்தினர். ஜாவேத் அபிதி தொடுத்த விமானப் பயண வழக்கில் 1998 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 ஜனவரியில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது குதுப் மினார் உள்ளிட்ட நினைவுச் சின்னங்களில் தற்காலிக மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. உலகப் புகழ் பெற்ற விருந்தாளிக்குச் சில நாட்களில் செய்ய முடிந்ததை உள்ளூர்க் குடிமக்களுக்கு ஏன் செய்யவில்லை என்று இயக்கத்தினர் கேட்டார்கள். பொருளாதார ஆற்றல் என்ற சமாதானத்தை இதைவிட வெளிப்படையாக உடைத்த நிகழ்வு வேறில்லை.

2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று உறுதிசெய்தது. அதன் 9ஆம் உறுப்பு, அணுகும் வசதியை உதவியாகக் கருதாமல் மற்ற உரிமைகளை அனுபவிப்பதற்கான முன்தேவையாகவே கொண்டது. இதற்கேற்பப் புதிய சட்டம் வரக் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2016 டிசம்பரில் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கப்பட்ட குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21 ஆக உயர்த்தியது. நம் பொருளுக்கு முக்கியமானவை 44, 45, 89ஆம் பிரிவுகள். விதிகளின்படி அமையாத கட்டடத்துக்குத் திட்ட அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம்.

பழைய நிபந்தனை சட்டத்திலிருந்து போய்விட்டது. ஆனால் அது விதிகளின் வழியாக மீண்டும் வந்தது. 2017 ஜூனில் அறிவிக்கப்பட்ட விதிகளில் 15ஆம் விதி, கட்டடங்களுக்கான தரநிலையைத் தனியே வகுக்காமல் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் 2016 மார்ச் வழிகாட்டு நெறிகளைச் சுட்டியதோடு நின்றது. அந்த நெறிகளின் நடையோ பெரும்பாலும் பரிந்துரை நடை. ‘செய்தாக வேண்டும்’ என்று சட்டமும் ‘செய்யலாம்’ என்று நெறிகளும் சொன்னால் எதை மீறியதாக அபராதம் விதிப்பது?

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கு இந்தக் கேள்வியில் வந்து முடிந்தது. 2017 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் காலக்கெடுவுடன் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. நிறைவேற்றம் மந்தமாகவே இருந்தது. 2024 நவம்பர் 8 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, 15(1)ஆம் விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. விட்டுக்கொடுக்க முடியாத கட்டாய விதிகளைப் பிரித்தெடுத்து மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அந்த மூன்று மாதங்கள் 2025 பிப்ரவரியில் முடிந்தன. 1995 சட்டத்துக்குப் பிந்தைய வரலாற்றில் மிக முக்கியமான தீர்ப்பு இதுவே என்பது என் மதிப்பீடு. சட்டம் தோற்பது நாடாளுமன்றத்தில் அன்று, விதி எழுதும் மேசையில் என்பதை அது நேரடியாகக் காட்டியது.

சட்டம் நடைமுறையில் தடுமாறுவதையே தமிழகத்தின் அனுபவமும் சொல்கிறது. உயரமான தளமுள்ள பேருந்துகளை வாங்கும் முடிவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட வழக்கு நடந்தது. சாலைகளின் நிலை தாழ்தளப் பேருந்துக்கு ஒத்துவராது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2024இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. மெரினாவில் கடலருகே செல்ல ஏறத்தாழ 1.14 கோடி ரூபாயில் மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. இரு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சேதமடைந்து பின்னர் சீரமைக்கப்பட்டது. திறப்பு விழாவோடு பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டியதை அது உணர்த்தியிருக்க வேண்டும்.

இப்போது கேள்வி படிக்கட்டைத் தாண்டிவிட்டது. வங்கிக் கணக்குக்கான மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்கிறார்கள்; அமில வீச்சால் முகமும் கண்ணும் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவதை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்று, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். பழைய கட்டடங்களுக்கான ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனில் முடிந்தது. புதிய கட்டடங்களைப் பொறுத்தவரை இனி எல்லாம் நிறைவுச் சான்றிதழில் கையெழுத்திடும் உள்ளாட்சிப் பொறியாளரின் கையில்தான் இருக்கிறது. தம் ஊரில் அண்மையில் எழும்பிய பொதுக் கட்டடம் எந்த அளவீட்டின்பேரில் சான்றிதழ் பெற்றது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாசகர்கள் கேட்க வேண்டும். ஆய்வாளர்கள் அந்தப் பதில்களைத் தொகுக்க வேண்டும்.