பூச்சிக்கொல்லி எதிர்ப்பு (கொசு)
முன்பு மரணம் விளைத்த அளவு மருந்தைத் தாங்கி உயிர்வாழும் தன்மை, பரம்பரை வழியே கொசுக்கூட்டத்தில் பரவி நிலைபெறுவது. மருந்து இத்தன்மையைச் சிருஷ்டிப்பதில்லை; சிலவற்றின் மரபணுவில் அபூர்வமாய் முன்னமே அமைந்த மாறுதலை, ஏனையவை மடிய, சந்ததிதோறும் பெருக்குகிறது என்பதை வற்புறுத்திச் சொல்லவேண்டும். நரம்பிலுள்ள சோடியம் கால்வாய்ப் புரதத்தின் 1014ஆம் இடத்து லியூசின் பினைலலனைனாக மாறின், டி.டி.டி., பைரித்திராய்டு ஆகிய இருவகைப் பூச்சிக்கொல்லிகளின் வலிமையும் குன்றும். நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் மிகுதலும் உண்டு. இவ்வெதிர்ப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: தூத்துக்குடி போன்ற மழை குறைந்த கரையோர நகரங்களில், வீட்டு நன்னீர்த் தொட்டிகளின் நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாய்ப் படுத்திருக்கும் புழுக்களினின்று தோன்றும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவினமே நகர மலேரியாவைப் பரப்புவது. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கிச் சில ஆண்டுகளே கழிந்த நிலையில், ஈரோட்டில் இவ்வினப் புழுக்களிடம் டி.டி.டி. எதிர்ப்பு கண்டறியப்பட்டது.