சைலன்சர் முனையில் படிந்த வரலாறு

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் காரைக் கழுவும்போது சைலன்சர் குழாயின் முனை எப்போதும் என் பங்கு. சோப்புத் தண்ணீர் விட்டு, மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியெல்லாம் கரி. "அப்போவெல்லாம் இங்க சாம்பல் நிறமாத்தான்டா படியும்" என்றார் சித்தப்பா. ஏன் என்று தேடினேன். விடை: ஈயம்!

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சினின் 'நாக்கிங்' சத்தம் நிற்கும் எனக் கண்டுபிடித்தார். 1923-ல் விற்பனை தொடங்கியது. 1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த 5 தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார்! 1925-ல் நிறுத்தப்பட்ட விற்பனை 1926-ல் மறுபடி ஆரம்பமானது.

குழாயில் படிந்தது கொஞ்சம்தான். மீதி காற்றில் கலந்து, குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பாதித்தது. 1965-ல் விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் எச்சரித்தார். அதன்பிறகும் இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிய 2000 ஆனது. கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஆக, கண்டுபிடித்ததிலிருந்து நூறு வருடம்!

இன்று என் துணியில் ஒட்டுவது வெறும் கரி. அதுவும் நுரையீரலுக்கு நல்லதல்ல. குழாயைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிவிடலாம். காற்றில் போனதை எந்தத் துணியால் துடைப்பது?