துணையுணவும் தோட்டத்து நேரமும்

ஒரு மக்கட் கூட்டத்தின் உணவு வரலாற்றை ஆராய்வோர், அவர்கள் எதனை உண்டனர் என்பதோடு, சமைத்து உண்ண அவர்களுக்கு எவ்வளவு நேரம் வாய்த்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1840களில் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது, மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் காடுகளினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரின் பொழுதைப் பெரட்டுக்களமே அளந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. கொழுந்து பறிக்கும் பெண், விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டுச் சாயத்தண்ணி வைத்து, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு மலையேறினாள். உலை வைத்துச் சோறாக்கும் ஆறுதல் மாலையிலேயே கிட்டியது.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களின் இறப்பு வீதம் உயர்ந்தது. அதே 1973இல், கெயர் நிறுவனத்தினதும் அமெரிக்க அரசினதும் உதவியுடன் இலங்கை அரசு திரிபோஷா என்னும் சத்துமாவை அறிமுகஞ்செய்தது. சக்தி, புரதம், நுண்போசணை ஆகிய மூன்றையும் தருவது என்பது பெயரின் பொருள். தொடக்கத்தில் இறக்குமதியான இம்மா, பின்னர் உள்நாட்டுச் சோளமும் சேர்த்து இங்கேயே ஆக்கப்பட்டது. கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார், நிறை குறைந்த குழந்தைகள் ஆகியோருக்குத் தாய்சேய் நல நிலையங்கள் வழியாக அது இலவசமாக வழங்கப்பட்டது.

முன்னரே வேகவைக்கப்பட்ட மாவாதலின், சிறிது வெந்நீரும் சீனியும் போதும். விறகும் வேண்டா, நேரமும் வேண்டா. இதன் நன்மை மறுக்கற்பாலதன்று. ஆயினும் இடர்ப்பாடும் இங்கேதான் தோன்றுகின்றது. அன்றாட உணவுக்கு மேலதிகமாக உண்ணற்குரிய மா, வறுமையும் நேரமின்மையும் கூடிய வீட்டில் உணவுக்கே பதிலாகிவிடக்கூடும். ஒரு குழந்தைக்கென வந்த பொதி வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் பகிரப்படுவதை ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர். பசித்த பிள்ளைகளுள் ஒன்றனுக்கு மட்டும் ஊட்டுதல் எந்தத் தாய்க்கும் இயலாது.

இன்று நகரத்தார் சிலர் நேரத்தை மிச்சப்படுத்த விரும்பி, சத்துமாப் பானத்தை உணவுக்குப் பதிலாகக் கொள்கின்றனர். அது அவர்தம் தெரிவு. தோட்டத்துத் தாய்க்கு அத்தகைய தெரிவு இருந்ததில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சோளம் கிட்டாமல் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டபோது, பொதியையே நம்பியிருந்த வீடுகளின் நிலை வெளிப்பட்டது.

சத்தினைப் பொதியில் அடைத்து வழங்கலாம். சமைப்பதற்கான பொழுதையும் அரிசிக்கான கூலியையும் அவ்வாறு வழங்குதல் இயலாது. துணையுணவு துணையாகவே நிற்க வேண்டுமாயின், இவ்விரண்டும் தோட்டத்து மக்களுக்கு உறுதியாதல் வேண்டும்.