மக்ரூன் போர்ச்சுகீசியர் கொடுத்ததா?



வெளியூரில் இருக்கிறவர்கள் தூத்துக்குடிக்கு வந்தால் முதலில் கேட்பது மக்ரூன். அடுத்தது, "சார், இது போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனதுதானே?" என்ற கேள்வி. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. வரலாற்றுப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். 1530களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்ததும் அவர்கள் காலம் முடிந்தது. பனிமய மாதா பக்தியும் பெர்னாண்டோ, ரோட்ரிகோ போன்ற பெயர்களும் நின்றன. மேசை, சாவி, சன்னல், அலமாரி என்று சொற்களும் நின்றன. இந்தச் சொற்களெல்லாம் நம் வாயில் தேய்ந்து தேய்ந்து தமிழாகவே ஆகிவிட்டன. மக்ரூன் அப்படித் தேயவில்லையே! ஆங்கிலச் சொல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. போர்ச்சுகீசிய மொழியில் இதற்கு ஒலியில் நெருங்கிய 'மக்கறாவ்' என்ற சொல்லுக்கு நம் மக்ரோனி என்றுதான் பொருள்.

என் ஊகம், இது ஆங்கிலேயர் காலத்து ரொட்டி அடுப்பில், அதுவும் கொழும்பு வழியாக வந்திருக்கும். 1876இல் இங்கே ரயில் வந்தது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து ரயிலில் வந்து கொழும்புக்குக் கப்பல் ஏறும் இடம் நம் ஊர்தான். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும் இந்தத் தடத்தில்தான். இங்கிருந்து கொழும்புக்குப் போய்த் தொழில் பழகித் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். லிஸ்பனுக்குப் பெருமை சேர்க்கிற அவசரத்தில் அவர்களை மறந்துவிடுகிறோம்.

போர்ச்சுகீசியருக்குச் சேர வேண்டிய மீதிப் பாதி முந்திரி. அது பிரேசில் நாட்டு மரம், அவர்கள் கப்பலில் இந்தியா வந்தது. ஐரோப்பாவில் மக்ரூனுக்குப் பாதாம்பருப்பு போடுவார்கள். நம்மவர்கள் முந்திரியைப் போட்டார்கள். அந்த மாற்றத்தில்தான் இது தூத்துக்குடிப் பண்டம் ஆனது.

மிளகாய் கதையும் இதே மாதிரிதான். மெக்சிகோ பக்கத்துச் செடி, போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. இன்று அது இல்லாமல் நம் 'நைட் கிளப்'பில் சால்னா உண்டா? (சென்னை மருமகப்பிள்ளைகள் பயப்பட வேண்டாம். இங்கே நைட் கிளப் என்றால் ராத்திரி பரோட்டாக் கடை!) பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றும்போது மெக்சிகோ யாருக்கு ஞாபகம் வரும்?

மக்ரூனுக்கு மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான். வெள்ளைக்கருவை நுரை கெட்டியாக நிற்கும்வரை அடித்து, சீனி சேர்த்து, முந்திரித் தூளை நுரை அமுங்காமல் கலக்க வேண்டும். காகிதக் கூம்பில் நிரப்பிச் சுருள் சுருளாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் வைப்பார்கள். அந்தக் காலத்தில் விறகு அடுப்பு. ரொட்டியெல்லாம் வெந்து முடிந்தபின் மிச்சம் இருக்கிற சூட்டில் ராத்திரி முழுக்கக் கிடக்கும். வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்பதே சரி. சூடு ஏறினால் நிறம் மாறிவிடும், குறைந்தால் உள்ளே பிசுபிசுக்கும். இந்தப் பக்குவம் எந்தக் கப்பலிலும் வரவில்லை, அடுப்படியில் நின்றவர்கள் கண்டுபிடித்தது.

எந்தக் கடை என்று கேட்பீர்கள். ஞானம், தனலட்சுமி, கணேஷ், சாந்தி என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி, அதனால் நான் வாய் திறக்க மாட்டேன். வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். மேலே மொறுமொறுப்பாக உடைந்து, உள்ளே தானாகக் கரைய வேண்டும். கடைசியில் முந்திரி வாசம் நிற்க வேண்டும்.

ஊருக்கு எடுத்துப்போகிறவர்கள் கடையிலேயே காற்றுப் புகாமல் கட்டித்தரச் சொல்லுங்கள். நம் கடல்காற்று பட்டால் சீக்கிரம் நமத்துவிடும்.